ஐந்து வாட் குரல்

வானொலி என்றதும் சிங்கப்பூரில் வாழும் நமக்கு உடனே நினைவுக்கு வருவது ஒலி 96.8. வீட்டிலும் டாக்சியிலும் தேக்காவில் உள்ள கடைகளிலும் அதைக் கேட்கிறோம். ஆனால், சென்னையில் இருக்கும் உங்கள் உறவினர் தம் வானொலிப் பெட்டியைத் திருப்பி அதே ஒலிபரப்பைப் பிடிக்க முடியுமா? முடியாது. இணையத்தின் வழியாகத்தான் கேட்க முடியும். பண்பலை ஒலிபரப்பு ஏறத்தாழ நேர்கோட்டில் செல்வது. சக்திவாய்ந்த நிலையத்திலிருந்து வந்தாலும், பூமியின் வளைவைத் தாண்டி அது வெகுதூரம் போவதில்லை.

இப்போது இன்னொரு காட்சியைக் கற்பனை செய்து பாருங்கள். ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவின் கடலோரத்தில் ஒருவர் அமர்ந்திருக்கிறார். அவர் முன்னால் உள்ளங்கையில் அடங்கும் கருவி ஒன்றும் சிறிய மின்கலமும் இருக்கின்றன. பக்கத்தில் நட்ட மெல்லிய கம்பு ஒன்றிலிருந்து ஒரு செப்புக் கம்பி தொங்குகிறது. அந்தக் கருவி வெளியிடும் ஆற்றல் வெறும் 5 வாட். உங்கள் படிப்பறையில் எரியும் எல்இடி விளக்குகூட அதைவிட அதிக மின்சாரத்தை எடுத்துக்கொள்ளலாம். ஆயினும், அவர் ஏறத்தாழ 2,900 கிலோமீட்டர் தொலைவில் உள்ள சென்னையுடன் தொடர்புகொள்கிறார். வேறொரு நாள் ஜப்பானிலிருந்து அவருக்குப் பதில் வருகிறது. இடையில் கம்பி இல்லை, இணையம் இல்லை, துணைக்கோளமும் இல்லை.

பெரிய நிலையம் எட்ட முடியாத தூரத்தை ஒரு சிறிய கருவி எப்படி எட்டுகிறது? அதைத் தெரிந்துகொள்வதால் நமக்கு என்ன பயன்? இந்தப் பாடம் இவ்விரு கேள்விகளுக்கும் விடை தேடுகிறது.

ஹாம் வானொலி

தொழிலுக்காக இல்லாமல், ஆர்வத்திற்காகவும் ஆய்வுக்காகவும் வானொலி அலைகளின் வழியே பிறருடன் தொடர்புகொள்வது அமெச்சூர் வானொலி எனப்படும். அதை 'ஹாம் வானொலி' என்றும் அழைப்பார்கள். இதில் வணிக விளம்பரத்துக்கு இடமில்லை. யாரும் யாருக்கும் கட்டணம் செலுத்துவதில்லை.

ஆர்வம் இருந்தால் மட்டும் போதாது. வானலைகள் எல்லாருக்கும் பொதுவானவை. விமானங்களும் கப்பல்களும் மீட்புப் பணியாளர்களும் அவற்றையே பயன்படுத்துகின்றனர். ஆகவே, உரிமம் இல்லாமல் எவரும் ஒலிபரப்பக் கூடாது. சிங்கப்பூரில் இந்த உரிமத்தைத் தகவல்தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையம் வழங்குகிறது. உரிமம் பெற விரும்புவோர் மின்னியல் அடிப்படைகளையும் வானொலி விதிமுறைகளையும் கற்றுத் தேர்ச்சி பெற வேண்டும்.

உரிமம் பெற்ற ஒவ்வொருவருக்கும் ஓர் அழைப்புக் குறி கிடைக்கும். உலகத்தில் வேறு யாருக்கும் அதே குறி இருக்காது. சிங்கப்பூரின் அழைப்புக் குறிகள் பொதுவாக '9வி1' என்று தொடங்கும். இந்தியாவில் 'வியூ', இலங்கையில் '4எஸ்7', மேற்கு மலேசியாவில் '9எம்2' என்று தொடங்கும் குறிகளைக் கேட்கலாம். குறியின் முதல் எழுத்துகளைக் கேட்டவுடன், பேசுபவர் எந்த நாட்டில் இருக்கிறார் என்பது புரிந்துவிடும்.

குறைந்த ஆற்றல் என்னும் பழக்கம்

வழக்கமான ஹாம் வானொலிக் கருவி சுமார் 100 வாட் ஆற்றலை வெளியிடும். சிலர் அதைவிடப் பன்மடங்கு ஆற்றலைப் பயன்படுத்துகின்றனர். வேறு சிலரோ வேண்டுமென்றே 5 வாட் அல்லது அதற்கும் குறைவான ஆற்றலில் இயங்குகிறார்கள். இந்தப் பழக்கத்திற்குக் 'கியூஆர்பி' என்று பெயர். தந்தியாளர்கள் நீண்ட வாக்கியங்களைத் தவிர்ப்பதற்காகப் பயன்படுத்திய மூன்றெழுத்துச் சுருக்கங்களில் அதுவும் ஒன்று. 'ஆற்றலைக் குறையுங்கள்' என்பது அதன் பொருள்.

100 வாட்டை 5 வாட்டாகக் குறைத்தால், குரல் இருபதில் ஒரு பங்காகத் தேய்ந்துவிடும் என்று நாம் நினைக்கலாம். உண்மை அப்படி இல்லை. வானொலி ஆர்வலர்கள் தாங்கள் கேட்கும் சமிக்ஞையின் வலிமையை 1 முதல் 9 வரை படிகளாக அளக்கிறார்கள். அனுப்பும் ஆற்றல் நான்கில் ஒரு பங்கானால், மறுமுனையில் வலிமை ஒரு படிதான் இறங்கும். 100 வாட் 25 வாட் ஆகும்போது ஒரு படி குறைகிறது. 25 வாட் ஆறேகால் வாட் ஆகும்போது இன்னொரு படி குறைகிறது. ஆக, 100 வாட்டில் ஏழாம் படியில் கேட்ட சமிக்ஞை, 5 வாட்டில் ஐந்தாம் படியை ஒட்டிக் கேட்கும். அது மெலிந்த ஒலிதான். ஆனால், கவனித்துக் கேட்பவருக்குப் புரியக்கூடிய ஒலி.

"கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது" என்பார்கள். இங்கே காரம் சற்றுக் குறையத்தான் செய்கிறது. ஆனால் நாம் அஞ்சும் அளவுக்குக் குறைவதில்லை.

வானத்தில் ஒரு கூரை

ஆற்றல் மட்டும் செய்தியைச் சுமந்து செல்வதில்லை. இயற்கையும் அதற்குத் துணை நிற்கிறது.

பூமிக்கு மேலே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் உயரத்திலிருந்து பல நூறு கிலோமீட்டர் உயரம் வரை, சூரிய ஒளியால் மின்னூட்டம் பெற்ற காற்றடுக்குகள் உள்ளன. இப்பகுதியை அயனி மண்டலம் என்கிறோம். பண்பலை பெரும்பாலும் இதை ஊடுருவி விண்வெளிக்குப் போய்விடும். சிற்றலைகளோ, அதாவது 3 முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைகள், இதன் மேலடுக்கில் வளைந்து மீண்டும் பூமிக்குத் திரும்பக்கூடியவை.

கேரம் விளையாட்டை நினைத்துப் பாருங்கள். நேராக அடிக்க முடியாத காயை, பலகையின் விளிம்பில் ஸ்டிரைக்கரைத் தட்டவிட்டு அடிக்கிறோம் அல்லவா? சிற்றலையும் அப்படித்தான். மேலே சென்று, வளைந்து, தொலைவில் தரையிறங்குகிறது. இப்படி ஒரு தாவலில் அதிகபட்சம் சுமார் 4,000 கிலோமீட்டர் செல்லலாம். சிங்கப்பூரிலிருந்து சென்னைக்கு ஒரு தாவல் போதும். கடலிலோ நிலத்திலோ பட்டு மறுபடியும் மேலே எழும்பினால், இரண்டு மூன்று தாவல்களில் ஐரோப்பாவையும் எட்டிவிடும். ஒளியின் வேகத்தில் செல்வதால், சென்னையைச் சென்றடைய அதற்கு ஒரு விநாடியின் நூற்றில் ஒரு பங்கு நேரமே ஆகும்.

ஆனால், இந்தக் கூரை எப்போதும் ஒரே மாதிரி இருப்பதில்லை. பகலில் அயனி மண்டலத்தின் கீழடுக்கு, குறைந்த அதிர்வெண் கொண்ட சிற்றலைகளை விழுங்கிவிடும். சூரியன் மறைந்ததும் அந்த அடுக்கு கலைந்துவிடுவதால், 7 மெகாஹெர்ட்ஸ் போன்ற அலைகள் இரவில் நெடுந்தொலைவு செல்லும். சூரியனில் தோன்றும் கரும்புள்ளிகள் சுமார் 11 ஆண்டுகளுக்கு ஒருமுறை கூடிக் குறைகின்றன. அவை மிகுந்த ஆண்டுகளில் உயர் அதிர்வெண் சிற்றலைகள் நன்றாகத் திரும்பி வரும். தமிழ்நாட்டின் கொடைக்கானலில் உள்ள ஆய்வகம் நூறாண்டுகளுக்கும் மேலாகச் சூரியனைக் கண்காணித்துப் பதிவுசெய்து வருகிறது. அங்குள்ள தொலைநோக்கி காணும் புள்ளிகளுக்கும் ஈஸ்ட் கோஸ்ட்டில் ஒருவர் கேட்கும் ஒலிக்கும் தொடர்பு உண்டு!

1924: மாணவர் ஒருவரின் சாதனை

இந்தக் கூரையைப் பற்றி மக்கள் அறிந்துகொண்ட கதை சுவையானது. 1901ஆம் ஆண்டு டிசம்பரில் மார்க்கோனி இங்கிலாந்திலிருந்து இன்றைய கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக்கு வானொலிச் சமிக்ஞை அனுப்பியதாக அறிவித்தார். பூமி உருண்டை என்பதால் அது எப்படிச் சாத்தியம் என்ற ஐயம் எழுந்தது. வானில் மின்னூட்டம் பெற்ற அடுக்கு ஒன்று இருக்க வேண்டும் என்று 1902ஆம் ஆண்டில் கென்னலி, ஹெவிசைட் ஆகிய இருவரும் தனித்தனியே கருத்துரைத்தனர்.

அக்காலத்தில் நீண்ட அலைகளுக்குத்தான் மதிப்பு. பெரிய நிறுவனங்களும் அரசாங்கங்களும் அவற்றை வைத்துக்கொண்டன. 1912ஆம் ஆண்டில் அமெரிக்கா இயற்றிய சட்டம், அமெச்சூர்களை 200 மீட்டரும் அதற்குக் குறைந்ததுமான அலைநீளங்களுக்குள் ஒதுக்கிவைத்தது. அவை நெடுந்தூரத் தொடர்புக்குப் பயன்படமாட்டா என்பதே அன்றைய எண்ணம். ஒதுக்கப்பட்ட அந்த அலைகளை வைத்துக்கொண்டு ஆர்வலர்கள் பொறுமையாகச் சோதனைகள் செய்தனர்.

1924ஆம் ஆண்டு அக்டோபர் 18ஆம் நாள், லண்டனில் உள்ள மில் ஹில் பள்ளியிலிருந்து 18 வயது சிசில் கோய்டர் அனுப்பிய செய்திக்கு நியூசிலாந்திலிருந்து பதில் வந்தது. பதில் அனுப்பியவர் ஒட்டாகோ வட்டாரத்தில் ஒரு பண்ணையில் வாழ்ந்த ஃபிராங்க் பெல். பிரிட்டனுக்கும் நியூசிலாந்துக்கும் இடையே நடந்த முதல் இருவழி வானொலித் தொடர்பு அதுதான். உலகின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குச் சிற்றலை சென்றுவிட்டது! அயனி மண்டல அடுக்கு இருப்பதை ஆப்பிள்டன் தம் சோதனையால் மெய்ப்பித்தது அதே ஆண்டு டிசம்பரில். அந்த ஆய்வுகளுக்காக அவருக்கு 1947ஆம் ஆண்டில் இயற்பியலுக்கான நோபெல் பரிசு கிடைத்தது. கூரையின் உயரத்தை விஞ்ஞானி அளப்பதற்கு முன்பே பள்ளி மாணவர் ஒருவர் அதைப் பயன்படுத்திவிட்டார்!

அதே 1924ஆம் ஆண்டில் சென்னையிலும் ஒரு முயற்சி நடந்தது. சி.வி. கிருஷ்ணசாமி செட்டியும் நண்பர்களும் மே மாதம் சென்னை மாகாண வானொலிக் கழகத்தைத் தொடங்கினர். ஜூலை 31ஆம் நாள் 40 வாட் கருவி ஒன்றைக் கொண்டு ஒலிபரப்பினர். பணப் பற்றாக்குறையால் 1927இல் கழகம் நின்றுபோனது. ஆனால், அதன் கருவி வீணாகவில்லை. சென்னை மாநகராட்சி அதைப் பெற்று 1930இல் ஒலிபரப்பைத் தொடர்ந்தது. 1920களின் நடுப்பகுதியில் சிங்கப்பூரிலும் மலாயா அமெச்சூர் வயர்லெஸ் சங்கத்தினர் சோதனை ஒலிபரப்புகளை நடத்தினர். வானொலி நிலையங்கள் நம் ஊர்களில் வேரூன்றுவதற்கு முன்பே ஆர்வலர்கள் விதை தூவிவிட்டனர்.

கோய்டரின் வாழ்க்கையும் பின்னர் நம் பக்கம் திரும்பியது. அவர் 1936ஆம் ஆண்டில் அகில இந்திய வானொலியின் தலைமைப் பொறியாளரானார். அவர் பணியாற்றிய காலத்தில்தான் 1938இல் சென்னை நிலையமும் 1939இல் திருச்சி நிலையமும் தொடங்கப்பட்டன.

சிங்கப்பூரில் ஒரு கம்பியும் ஒரு மின்கலமும்

குறைந்த ஆற்றலில் இயங்கும் கருவிகளைப் பலர் தாங்களே செய்துகொள்கிறார்கள். மின்தடை, மின்தேக்கி, டிரான்சிஸ்டர், கம்பிச்சுருள் ஆகியவற்றைச் சிறிய பலகையில் பற்றவைத்தால் ஓர் எளிய மோர்ஸ் கருவி உருவாகிவிடும். தேக்காவிலிருந்து நடந்தே போகக்கூடிய தூரத்தில், ஜாலான் புசாரில் இருக்கும் சிம் லிம் டவர் இத்தகைய மின்னியல் பொருள்களுக்குப் பெயர்பெற்றது. பழைய பொருள்களைத் தேடுவோர், 2017 ஜூலையில் மூடப்படும்வரை சுங்கை ரோட்டுச் சந்தைக்கும் போய்வந்தனர்.

கருவியைவிட முக்கியமானது ஆன்டெனா. 14 மெகாஹெர்ட்ஸ் அலைக்கு ஏறத்தாழ 10 மீட்டர் நீளமுள்ள கம்பி தேவை. அடுக்குமாடி வீட்டில் வசிப்பவர் அதை எங்கே கட்டுவது? வீட்டிலேயே கட்டினாலும் வேறொரு சிக்கல் காத்திருக்கிறது. எல்இடி விளக்குகளும் கைப்பேசி மின்னேற்றிகளும் மின்தூக்கிகளும் வானொலியில் இரைச்சலை உண்டாக்குகின்றன. நமக்குக் கேட்காத அந்த இரைச்சலில் மெல்லிய சமிக்ஞைகள் மூழ்கிவிடும்.

ஆகவே, ஆர்வலர்கள் கருவியைப் பையில் போட்டுக்கொண்டு பூங்காவுக்கும் கடற்கரைக்கும் செல்கின்றனர். குறைந்த ஆற்றலுக்குப் பெரிய மின்கலம் வேண்டியதில்லை என்பதால் சுமை குறைவு. தூண்டில் கம்பு போன்ற மடக்குக் கம்பில் ஆன்டெனாவைக் கட்டிவிடலாம். கடலோரத்தில் இன்னொரு நன்மையும் உண்டு. உப்பு நீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்துவதால், அலைகள் தாழ்ந்த கோணத்தில் புறப்பட்டு நெடுந்தூரம் செல்ல அது உதவுகிறது. ஆனால் வானம் இருண்டு இடி முழங்கத் தொடங்கினால், உடனே எல்லாவற்றையும் கழற்றிவைத்துவிட்டுப் பாதுகாப்பான இடத்திற்குச் சென்றுவிட வேண்டும். மின்னலுக்கு எதிரில் ஆர்வம் செல்லாது.

ஓர் உரையாடல்

குறைந்த ஆற்றலில் இயங்குவோர் பலர் மோர்ஸ் குறியீட்டை விரும்புகிறார்கள். பேச்சொலி அகன்ற அலைப்பகுதியில் பரவுகிறது. மோர்ஸ் குறியீட்டின் புள்ளிகளும் கோடுகளும் மிகக் குறுகிய பகுதிக்குள் அடங்கிவிடுகின்றன. ஆற்றல் ஒரே இடத்தில் குவிவதால், அதை இரைச்சலிலிருந்து பிரித்துக் கேட்பது எளிது.

அழைப்பதற்கு முன், அந்த அலைவரிசையில் வேறு யாரேனும் பேசிக்கொண்டிருக்கிறார்களா என்று கேட்க வேண்டும். இதுதான் முதல் விதி. பிறகு, 'யாரேனும் பதில் தாருங்கள்' என்னும் பொருளில் 'சிக்யூ' என்று தட்டித் தம் அழைப்புக் குறியைச் சேர்க்க வேண்டும். சில நாள்களில் முதல் அழைப்புக்கே பதில் வரும். சில நாள்களில் ஒரு மணி நேரம் அழைத்தும் எவரும் பதில் தரமாட்டார்கள்.

பதில் வந்தால், இருவரும் ஒருவரையொருவர் எப்படிக் கேட்கிறார்கள் என்பதை மூன்று எண்களில் சொல்வார்கள். முதல் எண் தெளிவையும், இரண்டாம் எண் வலிமையையும், மூன்றாம் எண் ஒலியின் தன்மையையும் குறிக்கும். '599' என்றால் மிகச் சிறப்பு. '339' என்றால் சிரமப்பட்டுக் கேட்க வேண்டிய அளவு மெலிந்த ஒலி. 5 வாட்டில் இயங்குபவருக்கு '339' கிடைத்தாலும் அது கொண்டாட்டம்தான். தம் குரலைப் பிடிக்க மறுமுனையில் ஒருவர் காதைத் தீட்டிக்கொண்டு அமர்ந்திருந்தார் என்பதற்கு அந்த எண்ணே சான்று. இறுதியில், 'நல்வாழ்த்துகள்' என்று பொருள்படும் '73' என்ற எண்ணை அனுப்பி விடைபெறுவார்கள். பின்னர், தொடர்பை உறுதிசெய்யும் அட்டைகளை அஞ்சலில் பரிமாறிக்கொள்வதும் உண்டு.

இன்று கணினியும் இந்தப் பழக்கத்திற்குத் துணைசெய்கிறது. 1993ஆம் ஆண்டு இயற்பியலுக்கான நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்ட ஜோசஃப் டெய்லர், ஹாம் வானொலி ஆர்வலரும்கூட. அவர் 2008இல் வெளியிட்ட மென்பொருளுக்கு 'விஸ்பர்' என்று பெயர். 'கிசுகிசுப்பு' என்பது அதன் பொருள். காதுக்குச் சிறிதும் எட்டாத சமிக்ஞையையும் அது இரைச்சலுக்குள்ளிருந்து மீட்டெடுக்கும். ஒரு வாட்டுக்கும் குறைவான ஆற்றலில் அனுப்பிய குறிகள் கடல் கடந்து பதிவாகின்றன.

எல்லாம் அடங்கியபோது

கைப்பேசியும் இணையமும் கையில் இருக்கும்போது இதெல்லாம் வெறும் விளையாட்டு என்று உங்களில் சிலருக்குத் தோன்றலாம். அவர்கள் 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாளை அறிந்துகொள்ள வேண்டும்.

சிங்கப்பூருக்கும் சென்னைக்கும் இடையில், வங்கக் கடலில் அந்தமான் நிக்கோபார் தீவுகள் இருக்கின்றன. அப்போது அங்கே ஹாம் வானொலியை இயக்க அனுமதி கிடைப்பது அரிதாக இருந்தது. பல ஆண்டுகள் முயன்று அனுமதி பெற்ற இந்திய ஆர்வலர் பாரதி பிரசாத், 2004 டிசம்பரில் ஒரு குழுவுடன் போர்ட் பிளேர் நகருக்குச் சென்றார். ஐதராபாத்தில் உள்ள தேசிய அமெச்சூர் வானொலிக் கழகம் அந்தப் பயணத்திற்கு ஏற்பாடு செய்திருந்தது. உலகெங்கும் உள்ள ஆர்வலர்கள் அந்தமானின் அரிய அழைப்புக் குறியுடன் தொடர்புகொள்ளப் போட்டியிட்டனர். அதுவரை அது ஒரு மகிழ்ச்சியான பொழுதுபோக்காகவே இருந்தது.

டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. சிங்கப்பூர் நேரப்படி காலை மணி 8.59க்குச் சுமத்ரா கடற்பகுதியில் பெரும் நிலநடுக்கம் ஏற்பட்டது. தொடர்ந்து எழுந்த ஆழிப்பேரலை, இந்தோனேசியா, தாய்லாந்து, இலங்கை, இந்தியா உள்ளிட்ட பல நாடுகளில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோரின் உயிரைப் பறித்தது. அந்தமானில் மின்சாரம் நின்றது, தொலைபேசிகள் அடங்கின. தீவுகளில் இருந்தவர்கள் உயிருடன் இருக்கிறார்களா என்று அறிய வழியில்லாமல் இந்தியாவில் இருந்த குடும்பங்கள் தவித்தன.

பாரதி பிரசாத் தம் கருவியை மீண்டும் இயக்கினார். பொழுதுபோக்கு நிலையம் அவசர நிலையமாக மாறியது. தீவுகளிலிருந்து இந்தியப் பெருநிலத்துக்கும், அங்கிருந்து தீவுகளுக்கும் செய்திகள் அலைகளில் பயணம் செய்தன. இன்னார் நலமாக இருக்கிறார் என்ற ஒரு வரிச் செய்தி, ஒரு குடும்பத்தின் கண்ணீரைத் துடைத்தது. குழுவினரில் சிலர் கடும் பாதிப்புக்குள்ளான கார் நிக்கோபார் தீவுக்கும் கருவிகளைக் கொண்டுசென்றனர். இலங்கையிலும் வானொலிச் சங்க உறுப்பினர்கள் அம்பாந்தோட்டைக்குச் சென்று, சிற்றலை வழியாகக் கொழும்புடன் தொடர்பு ஏற்படுத்தினர்.

இவை ஒரு ஜெனரேட்டரோ மின்கலமோ இருந்தால் இயங்கிவிடும் கருவிகள். பேரிடரில் மின்கலத்தின் ஒவ்வொரு துளி ஆற்றலும் விலைமதிப்பற்றது. அப்போது ஆற்றலைக் குறைத்து அனுப்பத் தெரிந்தவர் நெடுநேரம் பேசலாம். மறுமுனையிலும் மெல்லிய ஒலியைக் கேட்டுப் பழகியவர் இருக்க வேண்டும். அவசரச் செய்தி செல்லும் அலைவரிசையில் மற்றவர்கள் அமைதி காக்க வேண்டும் என்பது ஹாம் வானொலியின் மரபு. பேசத் தெரிவதைப் போலவே, பேசாமல் இருக்கத் தெரிவதும் அங்கே ஒரு திறன்.

கேட்கக் கற்போம்

குறைந்த ஆற்றலில் இயங்குபவர் தம் குரலை உயர்த்த முடியாது. ஆகவே அவர் மற்ற எல்லாவற்றையும் கற்றுக்கொள்கிறார். எந்த நேரத்தில் எந்த அலை எங்கே செல்லும் என்று அறிகிறார். கம்பியின் நீளத்தைத் திருத்துகிறார். சூரியனைக் கவனிக்கிறார். பிறர் பேசி முடிக்கும்வரை காத்திருக்கிறார். சொல்ல வேண்டியதைச் சில சொற்களில் சுருக்குகிறார். பொழுதுபோக்காகப் பழகிய இந்த ஒழுக்கமே ஒருநாள் பிறர் உயிர் காக்கப் பயன்படுகிறது.

நீங்களும் இந்த உலகத்தை எட்டிப் பார்க்கலாம். ஒலிபரப்பத்தான் உரிமம் தேவை. நெதர்லாந்தின் துவென்டே பல்கலைக்கழகம் தன் சிற்றலை வாங்கியை இணையத்தில் எவரும் கேட்கும்படி திறந்துவைத்துள்ளது. ஆண்டுதோறும் அக்டோபரில், உலகச் சாரணர்கள் ஹாம் வானொலியின் வழி ஒன்றுகூடும் நிகழ்ச்சியும் நடைபெறுகிறது. முதலில் இரைச்சல் மட்டுமே கேட்கும். சற்றுப் பொறுத்தால், அதற்கு அடியிலிருந்து மெல்லிய புள்ளியும் கோடும் எழுந்து வரும். எங்கோ ஒருவர் சிறிய கருவியின் முன் அமர்ந்து, தம்மை யாரேனும் கேட்கிறார்களா என்று வினவிக்கொண்டிருப்பார்.

அருஞ்சொற்பொருள்

சமிக்ஞை – செய்தியைத் தாங்கிவரும் குறி அல்லது அலை
சிற்றலை – 3 முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரையிலான வானொலி அலை
அதிர்வெண் – ஓர் அலை ஒரு விநாடியில் அதிரும் எண்ணிக்கை
அயனி மண்டலம் – சூரிய ஒளியால் மின்னூட்டம் பெற்ற உயர்வளிப் பகுதி
துணைக்கோளம் – பூமியைச் சுற்றிவரும்படி விண்ணில் ஏவப்பட்ட கருவி
ஆழிப்பேரலை – கடலடி நிலநடுக்கம் போன்றவற்றால் எழும் பேரலை

சிந்தித்து விடையளிக்க

1. ஒலி 96.8 ஒலிபரப்பு சென்னையை எட்டாததற்கும் 5 வாட் சிற்றலை எட்டுவதற்கும் உள்ள காரணங்களை ஒப்பிட்டு எழுதுக.
2. ஆற்றல் 100 வாட்டிலிருந்து ஆறேகால் வாட்டாகக் குறைந்தால், சமிக்ஞையின் வலிமை எத்தனை படி குறையும்? எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?
3. பயனற்றவை என்று ஒதுக்கப்பட்ட அலைகள் பயனுள்ளவையாக மாறின. இதிலிருந்து நாம் அறிந்துகொள்வது என்ன?
4. 2004 டிசம்பரில் ஒரு பொழுதுபோக்கு எவ்வாறு பொதுப்பணியாக மாறியது? உங்கள் சொந்த நடையில் விளக்குக.
5. "பேசாமல் இருக்கத் தெரிவதும் ஒரு திறன்." வகுப்பறையிலும் வீட்டிலும் இக்கருத்து எவ்வாறு பொருந்தும்? குழுவில் கலந்துரையாடுக.